எடுத்த திகதியே படத்தின் முகவரி

நம் வியாபாரிகளில் கையடக்கத் தொலைபேசியில் படம் எடுக்காதவர் இன்று அரிது. லொறியிலிருந்து இறக்கிய சரக்கு, உடைந்து வந்த பெட்டி, பற்றுச்சீட்டு, காசோலை என்று எல்லாவற்றையும் படம் பிடிக்கிறோம். இரண்டு மூன்று வருடங்களில் அவை ஆயிரக்கணக்கில் பெருகிவிடுகின்றன. பேரப்பிள்ளையின் படமும் பெருநாள் வாழ்த்தும் அவற்றுக்குள் கலந்து கிடக்கும். தேவையான படம் தேவையான நேரத்தில் கிடைக்காது.

எனக்குத் தெரிந்த டைல்ஸ் வியாபாரி ஒருவருக்கு உடைந்த பெட்டிகள் வந்தன. இறக்கிய அன்றே படம் எடுத்தார். இரண்டு மாதங்களின் பின் கணக்குப் பார்க்கையில், சரக்கு அனுப்பியவர் "இது உங்கள் கடையில் உடைந்தது" என்றார். கணனியில் தேடிப் படத்தை எடுத்தபோது அதில் இருந்ததோ முந்திய வாரத் திகதி! மகன் தொலைபேசியிலிருந்து கணனிக்குப் பிரதி எடுத்த நாள் அது. படத்தின் உட்தகவலைத் திறந்து, எடுத்த திகதியைக் காட்டிய பின்னரே மாற்றுப் பெட்டிகள் கிடைத்தன.

இரண்டு திகதிகள்

இந்த வேறுபாட்டை நாம் விளங்கிக்கொள்ள வேண்டும். கணனி காட்டும் பைலின் திகதி, பிரதி எடுத்தாலோ திருத்தினாலோ மாறிவிடக்கூடியது. படம் எடுத்த திகதியும் நேரமும் படத்துக்குள்ளேயே தனியாகப் பதியப்படுகின்றன. 'எக்ஸிஃப்' எனப்படும் இந்த முறை 1995ஆம் ஆண்டு ஜப்பானில் வகுக்கப்பட்டது. டிஜிட்டல் கமெராக்களும் தொலைபேசிகளும் இதையே பின்பற்றுகின்றன. விண்டோஸ் கணனியில் படத்தின் மீது வலது பொத்தானை அழுத்தி 'புரொப்பர்ட்டீஸ்', பின் 'டீடெய்ல்ஸ்' என்று சென்றால் 'டேட் டேக்கன்' என்ற இடத்தில் இதைக் காணலாம்.

தானாகப் பிரிக்கும் வழி

ஒவ்வொரு படமாகத் திறந்து பார்த்துப் பிரிக்க எவருக்கும் நேரமில்லை. அந்த வேலையைச் செய்யும் இலவச மென்பொருட்கள் உண்டு. 'டிஜிகேம்' தொலைபேசியிலிருந்தோ கமெராவிலிருந்தோ படங்களை இறக்கும்போதே நாள்வாரியாகப் போல்டர் அமைத்துத் தரும். ஏற்கனவே குவிந்து கிடப்பவற்றுக்குப் பில் ஹார்வே என்பவர் உருவாக்கிய 'எக்ஸிஃப்டூல்' சிறந்தது. ஒரேயொரு வரிக் கட்டளையில் ஆயிரக்கணக்கான படங்களை எடுத்த திகதிப்படி பிரித்துவிடும். கணனி தெரிந்த பிள்ளை ஒருவர் அரை மணி நேரத்தில் செய்து தருவார். ஆனால் முதலில் எல்லாவற்றையும் வேறொரு டிஸ்க்கில் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பின்னரே பிரிக்கத் தொடங்குங்கள்.

போல்டரின் பெயரில் வருடம் முதலில், பின் மாதம், பின் நாள் வரவேண்டும்: 2025-03-14 என்பது போல. நாளை முதலில் எழுதினால், எல்லா மாதங்களின் முதலாம் திகதிகளும் ஒன்றாகச் சேர்ந்து வரிசை குழம்பும்.

கவனிக்க வேண்டியவை

முதலாவது, கடிகாரம். பழைய கமெராக்களில் பற்றரி முற்றாக இறங்கினால் திகதி பல வருடங்கள் பின்னுக்குப் போய்விடும். சீனாவுக்குச் சரக்கெடுக்கப் போகிறவர்களும் கவனிக்க வேண்டும். அங்கே நேரம் நம்மைவிட இரண்டரை மணித்தியாலம் முந்தியது. தொலைபேசி தானாக மாறிக்கொள்ளும். கமெராவை நாமே மாற்ற வேண்டும்.

இரண்டாவது, வாட்ஸ்அப். சாதாரணமாக அதில் அனுப்பப்படும் படத்தில் எடுத்த திகதி நீங்கிவிடும். பைலின் பெயரில் தெரியும் திகதியை நம்பி அதுவே எடுத்த நாள் என்று எண்ணிவிட வேண்டாம். முக்கியமான படத்தை 'டொக்கியூமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள். உட்தகவல் அப்படியே வரும்.

மூன்றாவது, பில்கள். வெப்பத்தாளில் அச்சாகும் பில்லின் எழுத்து சில மாதங்களில் மங்கத் தொடங்கும். கைக்கு வந்த அன்றே படம் எடுத்தால்தான் பில்லின் திகதியும் போல்டரின் திகதியும் ஒத்துப்போகும்.

நான்காவது, படத்திலுள்ள திகதியையும் மாற்ற விரும்புகிறவர் மாற்றலாம். ஆகவே அதை மட்டும் நம்பியிருக்காமல், குறை கண்ட அன்றே படத்தை மறுதரப்புக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிடுவது நல்லது. நாமும் திகதியில் கை வைக்கக் கூடாது. அது அமானிதம்.

எழுத்துக்குத் துணை

அல்குர்ஆனின் மிக நீண்ட வசனமான சூரா அல்பகராவின் 282ஆவது வசனம், தவணைக் கடனை எழுதிவைப்பதைப் பற்றியது. படம் அந்த எழுத்துக்கு மாற்றாகாது. கணக்குப் புத்தகத்தில் ஒரு திகதியைப் பார்த்தவுடன் அதே திகதிப் போல்டரைத் திறக்க முடிந்தால், எழுதியதற்குத் துணை கிடைக்கும். பிணக்குகள் வாய்ச்சண்டையாக வளராமல் மேசையிலேயே தீரும்.

2016 மே மாத வெள்ளத்தில் கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பக்கம் வீடுகளும் கடைகளும் நீரில் மூழ்கியதை மறந்திருக்க மாட்டோம். எனவே பிரித்து முடித்த படங்களின் ஒரு பிரதி கடையிலும் மற்றொன்று வேறிடத்திலும் இருக்கட்டும்.

வாரத்தில் ஒரு நாள், ஜும்ஆவுக்காகக் கடை மூடும் வெள்ளிக்கிழமையில் அரை மணி நேரத்தை இதற்கென ஒதுக்கினால் போதும். இன்ஷா அல்லாஹ், அடுத்த கணக்கு முடிப்பு வரும்போது அதன் பயன் தெரியும்.