மண்ணுக்குள் போகும் பணம்!

மனை வாங்கியாயிற்று; வாஸ்து பூஜையும் முடிந்தது. உடனே சமையலறை அலமாரிக்கு என்ன நிறம் என்று யோசிக்க ஆரம்பித்துவிடுகிறீர்கள், இல்லையா? சற்றுப் பொறுங்கள், அம்மா! இப்போது நீங்கள் பார்க்க வேண்டியது, பிறகு என்றைக்குமே பார்க்க முடியாததைத்தான்.

வானம் தோண்டியதும் அருகில் போய்ப் பாருங்கள். அடியில் இருப்பது களிமண்ணா? அது மழையில் உப்பும். கோடையில் சுருங்கி வெடிக்கும். அஸ்திவாரம் அதற்குத் தக்கபடி அமையாவிட்டால் சுவரில் விரிசல் விழும். ஆகவே மண் பரிசோதனைச் செலவை வீண் என்று எண்ணாதீர்கள்.

கான்கிரீட் போடும் நாளில் தண்ணீரைக் கவனியுங்கள். கொட்டுவதற்குச் சுலபமாக இருக்கட்டும் என்று இன்னொரு குடம் ஊற்றப் பார்ப்பார்கள். வீடுகளுக்குப் போடும் சாதாரணக் கலவையில், 50 கிலோ சிமெண்டு மூட்டை ஒன்றுக்கு 30 லிட்டருக்கு மேல் போகலாகாது. ரசத்தில் தண்ணீர் கூடினால் ருசி போகும். கான்கிரீட்டில் கூடினால் பலம் போகும்.

இறுகிய பிறகோ, தண்ணீரில் கஞ்சத்தனம் கூடாது! குறைந்தது 7 நாள், சாம்பல் கலந்த சிமெண்டானால் 10 நாள், ஈரம் காயக் கூடாது. எனக்குத் தெரிந்த மாமி ஒருவர், தூண்களில் சுற்றிய சாக்கைத் தினமும் தொட்டுப் பார்த்த பிறகுதான் காலைக் காபியே குடிப்பார்!

கையில் பணம் குறைகிறதா? வாசல் கதவின் சித்திர வேலையைக் குறையுங்கள். கதவைப் பத்து வருஷம் கழித்தும் மாற்றிக்கொள்ளலாம். அஸ்திவாரத்தை மாற்ற முடியுமா?