நரம்பின் காவல் கலத்தில் ஒளியும் கிருமி

முழங்கையை மடக்கி, உட்பக்க எலும்பு மேட்டுக்குப் பின்னாலுள்ள பள்ளத்தை மற்றக் கையின் விரலால் தடவிப் பாருங்கள். மெல்லியதாக ஒன்று வழுக்கி நகரும். கொஞ்சம் அழுத்தினால் சுண்டுவிரல் வரை சுள்ளென்று ஓடும். அதுதான் அல்நார் நரம்பு. குறிஞ்சாக்கேணிக் களப்பில் வலை இழுக்கிறவரின் சுண்டுவிரலுக்கு உணர்வு தருவதும் அதுவே. தொழுநோயோ என்று ஐயம் வந்தால், அந்த நரம்பு தடித்திருக்கிறதா என்று டொக்டர் அங்கேதான் தொட்டுப் பார்ப்பார்.

நரம்பு இழைகளுக்குத் துணையாகச் சுவான் கலங்கள் இருக்கின்றன. பன்பாயைச் சுருட்டுவதுபோல அவற்றில் பலவும் இழையைத் திரும்பத் திரும்பச் சுற்றிக்கொள்ளும். அந்தச் சுற்று இருந்தால்தான் செய்தி வேகமாகப் பாயும். ஒரு கலம் மூடுவது ஏறத்தாழ 1 மில்லிமீற்றர் தூரத்தைத்தான். கைவிரல் வரை போகும் ஓர் இழைக்கே நூற்றுக்கணக்கில் வேண்டும்.

மூளையிலும் துணைக் கலங்கள் உண்டு. ஆனால் சுவான் கலத்தின் ஒரு திறமை அவற்றுக்கு வாய்க்கவில்லை. கையில் நரம்பு நசுங்கினால், சுவான் கலம் தன் சுற்றைக் கழற்றிவிட்டு, சிதைந்ததை அப்புறப்படுத்தி, மறுபடி இளங்கலம்போல் மாறி, புதிய இழைக்கு வழிகாட்டும். இழையும் நாளுக்குச் சுமார் 1 மில்லிமீற்றர் வளரும். நம் உடம்பில் இதைவிட வியப்பான வேலை எனக்குத் தெரிந்து குறைவு.

இந்தத் திறமையைத்தான் தொழுநோய்க் கிருமி தனக்குச் சாதகமாக்கிக்கொள்கிறது. நோர்வேயில் ஹன்சன் 1873இல் கண்டறிந்த பற்றீரியா அது. சுவான் கலத்தில் ஒட்டி உள்ளே புகுந்துவிடும். ஒன்று இரண்டாக ஏறத்தாழ இரண்டு வாரம் எடுக்கும். அதனால் நோய் வெளியே தெரிய ஆண்டுக்கணக்காகும். எடின்பரோ பல்கலைக்கழகத்தில் அனுர ரம்புக்கனவின் குழு எலியின் சுவான் கலங்களை ஆராய்ந்து 2013இல் ஒன்றை வெளியிட்டது. கிருமி புகுந்த கலம் தன் அடையாளத்தையே இழந்து, தசைக் கலமாகக்கூட மாறவல்ல இளநிலைக்குப் போய், கிருமியை வேறு இடங்களுக்கும் பரப்புகிறதாம்!

கிருமியை உடல் எதிர்க்கும்போதும் நரம்பு வீங்கி நெரிபடும். இழைகள் சிதைந்தால் தோல் மரத்துப்போகும். சூடான கேத்தலில் கை பட்டாலும் சுடாது. சுடாததால் கையை எடுக்கவும் தோன்றாது. விரல்கள் குறுகிப்போவதற்கு இப்படித் தெரியாமல் படும் காயங்கள் பெரிய காரணம்.

இது புரியாத காலத்தில் நோயாளிகளைத் தனியே ஒதுக்கினார்கள். ஒல்லாந்தர் ஹெந்தளையில் 1708இல் ஆஸ்பத்திரி கட்டினார்கள். மட்டக்களப்பு வாவியின் மாந்தீவிலும் ஒன்று இருந்தது. இப்போது 6 அல்லது 12 மாதம் மருந்து குடித்தால் நோய் குணமாகும். மருந்து தொடங்கியதுமே மற்றவருக்குத் தொற்றும் பயம் நீங்கிவிடும். ஆனால் முற்றாகச் சிதைந்த நரம்பை மருந்து மீட்டுத் தராது. இலங்கையில் ஆண்டுதோறும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்படுகிறது. அவர்களில் சிறுவர்களும் உண்டு.

உடம்பில் நிறம் வெளிறிய படை இருந்தால், கண்ணை மூடிக்கொண்டு, யாரையாவது பஞ்சு நுனியால் அதைத் தொடச் சொல்லுங்கள். தொட்டது தெரியவில்லையா? வெட்கப்படாமல் உம்மாவிடமோ வாப்பாவிடமோ சொல்லி, கிண்ணியா ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டுங்கள். மருந்து இலவசம்.