சத்தமில்லாத காவல்

சொறிக்கல்முனைப் பக்கம் வாவியில் தோணி விட்டவர்களுக்கு இது தெரிந்த சங்கதிதான். சவளை உள்ளே எடுத்து வைத்துவிட்டு, அடிப்பலகையில் காதை வைத்துப் படுத்தால், கண்ணுக்கு எட்டாத இயந்திரப் படகின் இரைச்சல் காதுக்கு எட்டிவிடும். காற்றில் நொடிக்கு 340 மீட்டர் போகும் ஒலி, தண்ணீரில் ஏறக்குறைய 1,500 மீட்டர் போகிறது. தேய்வதும் குறைவு.

நீர்மூழ்கியும் கடலுக்கடியில் இப்படித்தான் காது கொடுத்துக் கிடக்கிறது. காவல் கப்பலின் விசிறிச் சத்தம் கேட்டதும் பதுங்கிவிடும். பாய் விரித்து வரும் மரப்படகுக்கு ஏது சத்தம்?

1942 தொடக்கத்தில் ஜேர்மன் நீர்மூழ்கிகள் அமெரிக்காவின் கிழக்குக் கரையோரம் சரக்குக் கப்பல்களை அடுத்தடுத்து மூழ்கடித்தன. காவலுக்குக் கப்பல் போதவில்லை. செல்வந்தர்கள் தங்கள் உல்லாசப் பாய்ப்படகுகளைத் தருகிறோம் என்றபோது கடற்படை முதலில் கைவிரித்தது. பிறகு கரையோரக் காவற்படை அவற்றை ஏற்றது. படைக்கு ஆகாதவர் என்று வயதாலும் உடல்நிலையாலும் தள்ளப்பட்டவர்கள்கூட அவற்றில் ஏறினார்கள். ‘போக்கிரிக் கடற்படை’ என்றே அதற்குப் பெயர் விழுந்தது.

அவர்களுடைய வேலை பார்ப்பதும் வானொலியில் சொல்வதும். தண்ணீரிலிருந்து 2 மீட்டர் உயரத்தில் நிற்பவருக்கு அடிவானம் 5 கிலோமீட்டரில் முடிகிறது; 15 மீட்டர் பாய்மரத்தில் ஏறினால் கிட்டத்தட்ட 14 கிலோமீட்டர் தெரியும். அந்தக் கால நீர்மூழ்கி மேற்பரப்பில் மணிக்கு 17 கடல்மைல் ஓடும். அமிழ்ந்தால் மின்கலத்தின் தயவில் 7 கடல்மைல்தான், அதுவும் நீடிக்காது. மின்கலத்துக்கு மின்னேற்ற அது மேலே வந்தேயாக வேண்டும். வந்த நேரத்தில் ஒருவர் கண்ணில் பட்டு மறுபடி அமிழ்ந்தால், இரையைத் துரத்தும் வேகம் போய்விடும். எத்தனை நீர்மூழ்கியை மூழ்கடித்தார்கள் என்று கேட்டு இவர்களை எடைபோடுவது பெரும் பிழை என்பேன்.

அந்த ஆண்டு டிசம்பரில் இவர்களுடைய ‘ஸைடா’ என்ற 58 அடிப் படகு அத்திலாந்திக் புயலில் பாய்மரம் முறிந்து, 9 பேரோடு ஏறத்தாழ மூன்று வாரம் அலைந்தது. எல்லோரும் உயிரோடு மீட்கப்பட்டார்கள்.

இலங்கையிலும் இதற்கு நெருங்கிய கதை உண்டு. 1938இல் தொடங்கிய இலங்கைக் கடற்படைத் தொண்டர் படை, போர்க்காலத்தில் மீன்பிடி ட்ரோலர்களையும் திமிங்கில வேட்டைக் கப்பல்களையும் மாற்றியமைத்துக் கண்ணிவெடி வாரவும் காவல் செய்யவும் ஓட்டியது.

ஆனால் இங்கே பெரிய செய்தியைச் சொன்னது வானத்திலிருந்த கண். 1942 ஏப்ரல் 4ஆம் திகதி, விமானி லெனர்ட் பேர்ச்சலின் கற்றலினா விமானம் இலங்கைக்குத் தெற்கே யப்பானியக் கப்பற்படையைக் கண்டது. சுடப்பட்டு விழுமுன் அது அனுப்பிய செய்தியால் கொழும்பு முன்கூட்டியே விழித்துக்கொண்டது. ஐந்து நாள் கழித்துக் கண் மறுபக்கத்தில் இருந்தது. யப்பானியரின் ‘ஹருனா’ போர்க்கப்பலின் வேவு விமானம் மட்டக்களப்புக்கு அப்பால் ‘ஹேர்மிஸ்’ என்ற பிரித்தானிய விமானந்தாங்கியைக் கண்டுவிட்டது. தன்னைக் காக்க அதில் அன்று ஒரு விமானமும் இருக்கவில்லை. 307 பேரோடு மூழ்கிய அந்தக் கப்பல், நம் கடலில் 50 மீட்டருக்கும் கீழே இன்னும் கிடக்கிறது.