ஆண்குறி இம்பிளான்ட்: மாத்திரை கைகொடுக்காதபோது ஆபரேஷன்தான் வழியா?

வயது 48. பதினைந்து வருடமாகச் சர்க்கரை நோய். ஒரு வருடமாக மாத்திரை போட்டும் பலனில்லை. "இம்பிளான்ட் வெச்சுக்கலாம், யோசிச்சுச் சொல்லுங்க" என்கிறார் டாக்டர். வீட்டுக்கு வந்தவருக்குத் தூக்கம் வரவில்லை. 'இந்த வயசுல இது தேவையா? ஏதாவது ஆயிடுச்சுன்னா?' யாரிடமும் கேட்கவும் முடியாது.

விறைப்புத்தன்மைக் குறைபாட்டுக்காகச் சிகிச்சைக்குப் போகும் பலர் இப்படி ஒரு கட்டத்தில் வந்து நிற்கிறார்கள். இந்தியாவில் சுமார் 10.1 கோடி பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு சொல்கிறது. ரத்தக்குழாய், நரம்பு இரண்டையும் பாதிக்கும் சர்க்கரை நோய், இந்தக் குறைபாட்டுக்கு முக்கியமான காரணங்களில் ஒன்று.

இம்பிளான்ட் என்றால் என்ன?

ஆண்குறிக்குள் பஞ்சு போன்ற திசுவால் ஆன இரண்டு குழாய்கள் உள்ளன. அவற்றில் ரத்தம் நிரம்பினால்தான் விறைப்பு. அது நடக்காதபோது, அந்தக் குழாய்களுக்குள் செயற்கை உருளைகளைப் பொருத்துவதுதான் இம்பிளான்ட்.

இதில் இரண்டு வகை. முதலாவது, வளைக்கக்கூடிய கம்பி வகை. எப்போதும் விறைப்பாகவே இருக்கும். தேவைப்படும்போது நிமிர்த்தி, மற்ற நேரத்தில் மடக்கி வைக்கலாம். விலை குறைவு, பழுதாகும் வாய்ப்பும் குறைவு. இரண்டாவது, 1973-ல் அமெரிக்காவில் அறிமுகமான, திரவம் நிரம்பும் வகை. விரைப்பைக்குள் ஒரு சிறு பம்ப், அடிவயிற்றில் திரவப்பை. பம்பை அழுத்தினால் விறைக்கும். பட்டனை அழுத்தினால் தளரும். இயல்பு நிலைக்கு நெருக்கமானது இதுதான். ஆனால், செலவு பல லட்சங்களைத் தொடும். இந்தச் சிகிச்சைக்குப் பல இன்சூரன்ஸ் பாலிசிகள் பணம் தருவதில்லை என்பதால் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

மாத்திரை உண்மையிலேயே தோற்றுவிட்டதா?

முடிவெடுக்கும் முன் கேட்கவேண்டிய முதல் கேள்வி இது. சில்டெனாஃபில் மாத்திரையை வயிறு நிறைய பிரியாணி சாப்பிட்ட கையோடு போட்டால் அது தாமதமாகத்தான் வேலை செய்யும். பாலியல் தூண்டுதல் இல்லாமல் மாத்திரை மட்டும் எதையும் செய்யாது. குறைந்த டோஸில் ஒன்றிரண்டு முறை போட்டுப் பார்த்துவிட்டு, "நமக்கு இது செட் ஆகல" என்று விட்டவர்களும் உண்டு. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை எடுப்பவர்கள் இதைத் தொடவே கூடாது. ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்குச் சரிந்துவிடும்.

மாத்திரைக்கும் ஆபரேஷனுக்கும் நடுவே வேறு வழிகளும் இருக்கின்றன. ரத்தத்தை இழுத்து நிரப்பும் வேக்குவம் கருவி ஒன்று. ஆண்குறியில் தானே போட்டுக்கொள்ளும் ஊசி மற்றொன்று. இவை பிடிக்காமல் நேரடியாக இம்பிளான்ட்டைத் தேர்ந்தெடுப்பதும் தவறல்ல. ஆனால், இப்படி வழிகள் இருப்பது தெரிந்து முடிவெடுக்க வேண்டும்.

இதயத்தையும் பரிசோதிப்பது அவசியம். ஆண்குறியின் ரத்தக்குழாய்கள் இதயக் குழாய்களைவிட மெல்லியவை. அதனால், அடைப்பின் அறிகுறி பல நேரங்களில் இங்கேதான் முதலில் தெரியும்.

இளம் வயதினருக்கு இம்பிளான்ட் அரிதாகவே தேவைப்படும். காலையில் எழும்போது விறைப்பு இயல்பாக இருந்து, துணையுடன் இருக்கும்போது மட்டும் பிரச்சினை என்றால், பெரும்பாலும் பதற்றமோ மன அழுத்தமோதான் காரணம். அதற்குத் தேவை கவுன்சலிங். பஸ் ஸ்டாண்ட் சுவரில் போஸ்டர் ஒட்டி லாட்ஜில் முகாம் போடுபவரின் லேகியம் அல்ல.

திரும்பி வரமுடியாத பாதை

இம்பிளான்ட் வைக்கும்போது உள்ளே இருக்கும் இயற்கைத் திசு பெருமளவு சிதைந்துவிடும. பிறகு கருவியை எடுத்தாலும் பழைய இயல்பான விறைப்பு திரும்பாது, மாத்திரையும் கைகொடுக்காது. இதை மனதார ஏற்றுக்கொண்ட பிறகே கையெழுத்துப் போட வேண்டும். புராஸ்டேட் புற்றுநோய் ஆபரேஷனுக்குப் பிறகு பிரச்சினை வந்தவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். நரம்புகள் மீண்டுவர ஒன்றரை, இரண்டு வருடம்கூட ஆகலாம்.

பயப்படவேண்டிய சிக்கல் கிருமித்தொற்று. முதல்முறை ஆபரேஷனில் நூற்றில் ஒன்று முதல் மூன்று பேருக்கு வரலாம். வந்தால் பெரும்பாலும் கருவியை வெளியே எடுக்க வேண்டியிருக்கும். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் ஆபத்து அதிகம் என்பதால், ஹெச்.பி.ஏ.1சி அளவைக் குறைத்துவிட்டு வரும்படி டாக்டர்கள் சொல்வார்கள். கருவியும் ஆயுள் முழுக்க உழைக்காது. பத்து, பதினைந்து வருடங்களில் மாற்ற வேண்டி வரலாம்.

எது மாறும், எது மாறாது?

உடலுறவுக்குப் போதுமான விறைப்பு கிடைக்கும். உணர்ச்சி, உச்சகட்டம், விந்து வெளியேறுவது ஆகியவை பொதுவாக முன்பு இருந்தபடியே தொடரும். ஆசை அதிகரிக்காது. நீளமும் கூடாது, கொஞ்சம் குறைந்ததுபோல்கூடத் தோன்றலாம். ஆபரேஷன் முடிந்து நான்கு முதல் ஆறு வாரங்கள் காத்திருக்க வேண்டும். சரியாகத் தேர்வு செய்யப்பட்டவர்களில் பெரும்பாலானோர் திருப்தியாகவே இருப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. ஏமாற்றம் அடைபவர்களில் பலர், கருவி தராத ஒன்றை அதனிடம் எதிர்பார்த்தவர்கள். உறவில் ஏற்கெனவே இருக்கும் விரிசலை எந்தக் கருவியும் ஒட்டவைக்காது.

அதனால்தான், இந்தப் பேச்சில் துணையும் கலந்துகொள்ள வேண்டும் என்கின்றன மருத்துவ வழிகாட்டுதல்கள். "இது இல்லாட்டியும் பரவாயில்ல, நீங்க நல்லா இருந்தா போதும்" என்று மனைவி சொல்லலாம். "செஞ்சுக்கலாம், நான் கூட இருக்கேன்" என்றும் சொல்லலாம். கேட்காமல் எப்படித் தெரியும்?

அந்த 48 வயதுக்காரர் நாளைக்கே பதில் சொல்லியாக வேண்டிய அவசியம் இல்லை. இதுபோன்ற ஆபரேஷனைத் தள்ளிப்போடுவதால் உயிருக்கு ஆபத்து கிடையாது. சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவரலாம், இன்னொரு யூராலஜிஸ்ட்டிடம் கருத்து கேட்கலாம். "இதுவரை எத்தனை பேருக்கு வெச்சிருக்கீங்க? தொற்று வந்தா என்ன செய்வீங்க? எனக்கு எந்த வகை பொருந்தும், ஏன்?" என்று டாக்டரிடம் தயங்காமல் கேட்கலாம். அடுத்த அப்பாயின்ட்மென்ட்டுக்கு மனைவியையும் அழைத்துக்கொண்டு போகலாம்.