புகைக் கூண்டுக்கு ஏற்ற உஷ்ணமானி

மீனைக் கெடாமல் வைத்திருப்பது என்றவுடன் ஆரம்பாக்கத்திலும் பழவேற்காட்டு ஏரியை அடுத்த மற்றக் கிராமங்களிலும் உள்ள நம் அங்கத்தினர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவன உப்பும் வெயிலுமே ஆகும். பங்குனி, சித்திரையில் இவை இரண்டும் போதும். ஆனால் ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால், வெயிலை நம்பிக் கருவாடு போட்டவர்கள் படும் பாட்டைச் சொல்ல வேண்டுவதில்லை. பாதி உலர்ந்த மீனில் ஈ மொய்த்துப் புழு வைக்கிறது. விலை அடிமட்டத்துக்குப் போகிறது. அத்தகைய நாட்களில் கைகொடுக்கக் கூடியது புகையூட்டும் முறை. இது நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று. மினிக்காய்த் தீவிலும் மாலத்தீவிலும் சூரை மீனை அவித்து, புகையூட்டி, உலர்த்தி எடுக்கும் மாசிக் கருவாட்டை நம்மில் பலர் அறிவர். கொச்சியில் 1957-இல் நிறுவப்பெற்ற மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிலையம் மீனுக்கான புகைக் கூண்டுகளை வடிவமைத்திருக்கிறது.

கூண்டு கட்டுவதில் காட்டும் அக்கறையை உஷ்ணத்தை அளப்பதில் பலர் காட்டுவதில்லை. கதவின்மேல் கையை வைத்துப் பார்த்து, “சூடு ஏறிவிட்டது” என்று தீர்மானிக்கிறார்கள். மீனின் நிறம் பொன்னிறமானால் வெந்துவிட்டதாகவும் கொள்கிறார்கள். நிறம் புகையினால் வருவது. வேக்காடு சூட்டினால் வருவது. மேலே பொன்னிறமாகி, முள்ளின் ஓரத்தில் பச்சையாகவே இருக்கும் மடவை மீன் எத்தனையோ உண்டு.

ஆகவே இங்கே அளக்கவேண்டிய உஷ்ணம் இரண்டு: கூண்டுக்குள் இருக்கும் காற்றின் சூடு ஒன்று, மீனின் நடுச்சதையின் சூடு மற்றொன்று. முக்கியமானது பின்னதே. சூட்டுப் புகையூட்டலில் நடுச்சதை 63 டிகிரி சென்டிகிரேடை, அதாவது 145 டிகிரி பாரன்ஹீட்டை, எட்டி அரைமணி நேரம் அந்நிலையில் நிற்கவேண்டும் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் வழிகாட்டுகிறது. கோழியிறைச்சியாயின் 74 டிகிரி வேண்டும். குளிர்ப் புகையூட்டல் என்ற மற்றொரு முறையில் கூண்டின் சூடு 30 டிகிரிக்குள் இருக்கவேண்டும். நம் கடற்கரையில் நிழலில் வீசும் காற்றே ஆண்டின் பெரும்பகுதி அதைத் தாண்டுவதால், அதைப் பற்றி இங்கே பேசிப் பயனில்லை.

இனி, எதை வாங்குவது? பாதரசம் நிறைந்த கண்ணாடி உஷ்ணமானியை உணவுக்கு அருகில் கொண்டு வரவே கூடாது. உடைந்தால் அந்தக் கூண்டு மீன் முழுவதும் வீண். முள் சுற்றும் வட்ட முக உஷ்ணமானி மலிவானது. ஆனால் அதன் உள்ளே இருக்கும் உலோகச் சுருள் ஏறக்குறைய இரண்டு அங்குல நீளத்தின் சராசரிச் சூட்டையே காட்டும். பெரிய இறைச்சித் துண்டுக்கு அது சரி. ஒரு அங்குலப் பருமன்கூட இல்லாத மீனுக்கு எவ்வாறு பொருந்தும்? துப்பாக்கி போன்ற அகச்சிவப்புக் கருவியோ தோலின் சூட்டை மட்டும் சொல்லும். எஞ்சுவது டிஜிட்டல் குத்தூசி உஷ்ணமானி. இதில் உணரும் பாகம் ஊசியின் நுனியிலேயே இருப்பதால், மெல்லிய மீனிலும் நுனியை நடுச்சதையில் நிறுத்த முடிகிறது.

இதிலும் இரு வகைகள் உண்டு. ஒன்று, குத்திப் பார்த்து உடனே எடுத்துவிடுவது. இதைக் கூண்டுக்குள் விட்டுவைத்தால் பிளாஸ்டிக் தலை உருகிவிடும். மற்றது, ஊசி மட்டும் உள்ளே இருக்க, கம்பி வழியே வெளியிலுள்ள பெட்டியில் எண் தெரிவது. அரைமணி நேரம் சூடு நிற்கிறதா என்று பார்க்கவேண்டியிருப்பதால் நம் வேலைக்கு இரண்டாம் வகையே உகந்தது என்பது நம் கருத்து. இரண்டு ஊசிகள் உள்ளதாக இருந்தால் ஒன்றைக் கூண்டின் காற்றுக்கும் மற்றொன்றை மீனுக்கும் வைக்கலாம். கதவை அடிக்கடி திறந்து சூட்டையும் விறகையும் விரயம் செய்வதும் நின்றுபோகும்.

விற்பவர் “புள்ளிக்குப் பின் ஓர் இலக்கம் காட்டும்” என்று பெருமை பேசுவார். அது காட்டும் நுணுக்கமேயன்றிச் சரியான அளவுக்கு உத்தரவாதமன்று. 62.7 என்று காட்டும் கருவி இரண்டு டிகிரி தவறாகவும் இருக்கக்கூடும். பிழை அரை டிகிரிக்குள்ளா, ஒரு டிகிரிக்குள்ளா என்பதையே கேட்கவேண்டும். ஊசி மெல்லியதாக இருத்தல் நலம். பருத்த ஊசி மீனைப் பிளந்து சாற்றை வடியவிடும். நீர் புகாக் காப்பைக் குறிக்கும் ஐ.பி. 67 என்ற அடையாளம், ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரைமணி நேரம் கிடந்தாலும் கெடாது என்று பொருள்படும். உப்புக் காற்றில் மின்கல முனைகள் பச்சை பூத்துப் போகும் நம் ஊர்களுக்கு இது வீண் செலவன்று. பொத்தான் போன்ற மின்கலத்தைத் தேடிப் பட்டணம் போகாமல், பெட்டிக்கடையில் கிடைக்கும் மின்கலத்தில் இயங்குவதாகப் பார்த்துக்கொள்க. கைத்தொலைபேசிக்குச் செய்தி அனுப்பும் வசதிக்கு அதிக விலை கொடுப்பது, கூண்டின் அருகிலேயே இருப்பவருக்கு அநாவசியம்.

வாங்கியதும் பரீட்சித்துப் பார்க்கவேண்டும். பனிக்கட்டியை நன்றாக நொறுக்கி ஒரு தம்ளரில் நிரப்பி, இடுக்குகள் மூழ்குமளவு குடிதண்ணீர் விட்டுக் கலக்கி, இரண்டு மூன்று நிமிஷங்கள் கழித்து ஊசியை நடுவில் வைத்தால் 0 காட்டவேண்டும். மீன் பெட்டியில் கிடந்த பனிக்கட்டியையும் ஏரித் தண்ணீரையும் உபயோகிக்கலாகாது. உப்புக் கலந்தால் உறைநிலை பூஜ்யத்துக்குக் கீழே இறங்கிவிடும். நல்ல கருவியின்மேல் வீண்பழி வரும். கொதிநீரிலும் பார்க்கலாம். நம் ஊர்கள் கடல் மட்டத்தை ஒட்டியிருப்பதால் 100 காட்டும். (உதகமண்டலத்து அங்கத்தினர்கள் 92, 93-ஐக் கண்டு திகைக்க வேண்டாம், அவ்வுயரத்தில் தண்ணீர் கொதிப்பதே அங்கேதான்.) சங்கம் ஒன்று, அங்கீகாரம் பெற்ற ஆய்வுக்கூடத்தின் அளவுச் சான்றுடன் ஒரே ஒரு நல்ல கருவியை வைத்துக்கொண்டு, அங்கத்தினர்களின் மலிவான கருவிகளை அதனுடன் மாதந்தோறும் ஒப்பிட்டுத் தரலாம். வீட்டுக்கு வீடு விலையுயர்ந்த கருவி வாங்குவதைவிட இது சிக்கனமாகும்.

ஊசியைத் தலைக்குப் பின்னுள்ள பருத்த சதையில், நடுமுள்ளில் படாதவாறு செலுத்தவேண்டும். கூண்டின் மிகக் குளிர்ந்த மூலையில் இருக்கும் மிகப் பெரிய மீனைத் தேர்ந்துகொள்வதே நியாயம். அது வெந்தால் மற்றவை வெந்திருக்கும். பச்சை மீனில் குத்திய ஊசியைக் கழுவித் துடைக்காமல் வெந்த மீனில் குத்தக்கூடாது. நெசவாள அன்பர்கள் இத்தகைய கருவியைச் சாயத் தொட்டிக்கும் உபயோகிக்கலாம். வாட் சாயங்கள் பலவற்றுக்கு 50 முதல் 60 டிகிரிச் சூடு வேண்டும். ஆனால் சாயத்தில் தோய்ந்த ஊசி மறுபடி மீனுக்கு வரலாகாது.

உஷ்ணமானியால் ஆகாத காரியங்களும் உண்டு. சூரை, கானாங்கெளுத்தி போன்றவற்றைப் பனிக்கட்டியின்றி வெயிலில் போட்டுவைத்தால் ஹிஸ்டமின் என்ற நச்சு உண்டாகும். பிறகு எத்தனை சூடேற்றினாலும் அது போகாது. அவ்வாறே, புகையூட்டிய மீன் கருவாடன்று. அதில் ஈரம் நிறைய உண்டு. காற்றுப் புகாத பையில் அடைத்து வெளியே வைத்தால், 63 டிகிரியில் சாகாத பொட்டுலினம் கிருமியின் வித்துக்கள் முளைத்து உயிருக்கே உலைவைக்கும். அக்கிருமியில் ஒரு வகை 3.3 டிகிரிக்கு மேல் இருந்தாலே வளரவல்லது. ஆகவே புகையூட்டிய மீனை நன்றாக ஆறவிட்டு, பனிக்கட்டியிலோ குளிர்ப்பெட்டியிலோ வைத்து, அதே உஷ்ணமானியின் ஊசியைப் பையைக் குத்தாமல் இரண்டு பொட்டலங்களுக்கு நடுவே செருகிப் பார்க்கவேண்டும். மூன்று டிகிரிக்கு மேல் காட்டினால், நெடுஞ்சாலை வழியே சென்னைக்கு அனுப்புவதற்குமுன் இன்னும் பனிக்கட்டி சேர்க்கவேண்டும்.