எடை என்றால் எந்த எடை?

சோதனையில் கிடைத்த புள்ளிகளுக்கு ஊடே மிகப் பொருத்தமான கோட்டைக் கண்டுபிடிப்பதுதான் தரவுப் பொருத்துதல். கிராஃப் தாளில் கண்ணளவாகப் போட்ட கோட்டை இன்று மென்பொருள் கணக்கிட்டுப் போடுகிறது. எல்லா அளவீடும் ஒரே தரத்தில் இருப்பதில்லை. நம்பகமானதற்குக் கூடுதல் எடை தர வேண்டும். அந்த எடையை எந்த வடிவில் தருவது என்பதை மென்பொருளின் கையேடு சொல்ல வேண்டும். பல கையேடுகள் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

ஒரு குச்சியை இருவர் அளக்கிறார்கள். ஒருவருக்கு 10 செ.மீ., பிழை 1. மற்றவருக்கு 13 செ.மீ., பிழை 2. பாடப்புத்தகப்படி எடை என்பது பிழை வர்க்கத்தின் தலைகீழி. அதாவது 1, 0.25. சராசரி 10.6 வருகிறது. பைத்தான் மொழியின் நம்பை நூலகத்தில் உள்ள பாலிஃபிட் என்னும் பொருத்து நிரலோ, வாங்கிய எடையைத் தானே வர்க்கப்படுத்திக்கொள்ளும். அதற்குப் பிழையின் தலைகீழியை மட்டும் கொடுத்தால் போதும். பாடப்புத்தகத்தை நம்பி வர்க்கத்தின் தலைகீழியைக் கொடுத்தவருக்கு 10.18 கிடைக்கும். பிழையையே எடையாகக் கொடுத்தவருக்கு 12.4, மோசமான அளவீட்டுக்கே முதல் மரியாதை! எப்படிக் கொடுத்தாலும் நிரல் முகம் சுளிக்காமல் ஓடிவிடும். வர்க்கம் வேண்டாம் என்ற குறிப்பு கையேட்டில் பிற்பாடுதான் சேர்க்கப்பட்டது.

விடையோடு வரும் பிழை மதிப்பில் சிக்கல் இன்னும் ஆழம். பைத்தானின் இன்னொரு நூலகமான சைபையில் உள்ள பொருத்து நிரல் கர்வ்ஃபிட். அளவீட்டுப் பிழையாக அதற்குத் தரப்படும் சிக்மாவைத் திட்ட விலக்கம் என்றே பழைய கையேடு விவரித்தது. உள்ளே நடந்தது வேறு. புள்ளிகளின் உண்மையான சிதறலைப் பார்த்து விடையின் பிழையை அது மாற்றி அளவிட்டது. சிக்மாவை அப்படியே எடுத்துக்கொண்டால் குச்சிக் கணக்கில் 0.89 வர வேண்டிய பிழை, இப்படி மாற்றி அளவிட்டால் 1.2 என்று வரும். சிக்மாக்களைப் பத்து மடங்காக்கிக் கொடுத்தாலும் அந்த 1.2 அசையாது. இரண்டு முறைக்கும் நியாயம் உண்டு. எது நடக்கிறது என்று சொல்லாததுதான் குற்றம். 2014இல் வந்த 0.14 பதிப்பில், சிக்மாவை அப்படியே எடுத்துக்கொள்ளச் சொல்லும் தெரிவு சேர்க்கப்பட்டது. ஆனால் எதுவும் சொல்லாமல் விட்டால் இன்றும் பழைய வழக்கமே.

பாலிஃபிட்டில் இன்னொரு கோளாறும் இருந்தது. பிழையைக் கணிக்கும்போது, விலகல் வர்க்கங்களின் கூட்டுத்தொகையை, புள்ளிகளின் எண்ணிக்கையிலிருந்து கோட்டின் மாறிலிகளின் எண்ணிக்கையைக் கழித்து வரும் எண்ணால் வகுப்பதே வழக்கம். பாலிஃபிட் கூடுதலாக 2 கழித்தது. ஐந்து புள்ளிகளில் நேர்கோடு போட்டால் 3ஆல் வகுக்க வேண்டியதை 1ஆல் வகுத்தது, வர்க்கமூலம் எடுத்த பின் பிழை 1.73 மடங்கு பெருத்தது. காரணம் நிரலுக்குள்ளே குறிப்பாக எழுதியிருந்தது, அதை யார் திறந்து படிப்பார்கள்? 2019இல் வெளியான 1.16 பதிப்பில் இது மாறியது. பழைய ஆய்வை இப்போது மறுபடி ஓட்டினால், கோடு அப்படியே இருக்கும். பிழைப் பட்டை மட்டும் சுருங்கும்.

நிரல்களைச் சோதிக்க அமெரிக்காவின் தேசியத் தர நிறுவனமான நிஸ்ட், சரிபார்த்த விடைகளோடு தரவுத் தொகுப்புகளை வைத்திருக்கிறது. அவற்றில் புள்ளிக்குப் புள்ளி மாறும் பிழை இல்லை என்பதால், எடைக் குழப்பம் அங்கே சிக்காது. அதைப் பிடிக்கக் குச்சிக் கணக்கே போதும்: 10.6 வந்தால் சரி, 10.18 அல்லது 12.4 வந்தால் கையேட்டை மறுபடி திறக்க வேண்டும்.