மினுங்கும் பொனட், ஓட்டைத் தரை

அலைச் சத்தம் கேட்கும் தூரத்தில் வீடு வைத்திருக்கும் திருகோணமலை வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "என்னுடைய கார் எண்பதுகளில் வந்தது. இரண்டு நாளுக்கு ஒருக்கால் கழுவித் துடைக்கிறேன். வெளியில் ஒரு பொட்டுக் கறள் இல்லை. போன கிழமை சாரதி இருக்கைக்கு முன்னால் கிடந்த றபர் விரிப்பைத் தூக்கினால், தகரத்துக்குப் பதிலாக முற்றத்து மணல் தெரிகிறது. காற்றுப் படாத இடத்தில் எப்படி ஐயா கறள் பிடிக்கும்?"

காற்றுப் படாததால்தான் பிடித்தது. பதில் தலைகீழாகத் தெரியலாம். கறள் பிடிக்க ஒட்சிசனும் நீரும் வேண்டும் என்றுதானே பள்ளிக்கூடத்தில் படித்தோம். படித்தது பிழையில்லை. ஆனால் ஒட்சிசன் ஓரிடத்தில் வேலை செய்ய, இரும்பு வேறோர் இடத்தில் கரையலாம் என்பதை அந்தப் பாடம் அழுத்திச் சொல்வதில்லை. பழைய கார் வைத்திருப்பவர் தெரிந்திருக்க வேண்டிய இரசாயனம் அவ்வளவுதான்.

கேள்விக்கு இப்போது அவசரமும் உண்டு. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. திறந்த பின்னும், வரியையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தவர்களில் பலர் முற்றத்தில் நிற்கும் பழைய காரையே திரும்பிப் பார்த்தார்கள். அதை இன்னும் பத்து வருடம் ஓட்ட வேண்டுமானால், பாதி வேலையையாவது சொந்தக் கையால் செய்தாக வேண்டும். என்ஜின் பழுதானால் வேறு என்ஜின் போடலாம், கியர் பெட்டியை மாற்றலாம். உடல் உக்கினால் கார் முடிந்தது.

சந்தேகப்படுபவர்கள் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். டிங்கரிங் கராஜில் வெட்டி எறிந்த வெறும் இரும்புத் தகட்டுத் துண்டு ஒன்று போதும். பால்மாப் பேணி சரிவராது, அதற்கு வெள்ளீயப் பூச்சு உண்டு. கூரைத் தகடும் சரிவராது, அதற்கு நாகப் பூச்சு உண்டு. துண்டை அரத்தாளால் பளபளக்கும்வரை தேய்த்து, உப்புக் கரைத்த நீரில் பெரிய துளியொன்றை நடுவில் விட்டுவிட்டு வேறு வேலை பார்த்து வாருங்கள். கறள் தோன்றுவது துளியின் விளிம்பிலும் அல்ல, நடுவிலும் அல்ல. இரண்டுக்கும் இடையில் ஒரு வளையமாக. துளியைத் துடைத்தெடுத்தால் விளிம்பை ஒட்டிய இரும்பு முன்போலவே மினுங்கும். நடுப்பகுதி மங்கி, உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்க்கையில் பொள்ளலாகத் தெரியும்.

கேம்பிரிட்ஜில் யூலிக் எவன்ஸ் 1920களில் இதை நிறங்களோடு செய்து காட்டினார். உப்புநீரில் பினோத்தலீனும் பொற்றாசியம் பெரிசயனைட்டும் கலந்தால் துளியின் நடு நீலமாகும், விளிம்பு இளஞ்சிவப்பாகும். நீலம் தெரியும் இடத்தில் இரும்பு அயனாகக் கரைகிறது. இளஞ்சிவப்புத் தெரியும் இடத்தில் ஒட்சிசன், இரும்பு விட்ட இலத்திரனை வாங்கிக்கொண்டு ஐதரொட்சைட்டு ஆகிறது. பள்ளி ஆய்வுகூடத்தில் ஏகர் ஜெலிக்குள் ஆணி புதைத்துப் பார்த்தவர்களுக்கு இந்த நிறங்கள் பழக்கமானவை. எவன்ஸின் துளி அதற்குமேல் ஒன்றைச் சொல்கிறது: எந்த இடம் எந்த நிறமாகும் என்பதைத் தீர்மானிப்பது காற்று. விளிம்பில் நீர்ப்படை மெல்லியது, ஒட்சிசன் உடனே தகட்டை எட்டிவிடும். நடுவில் நீர் தடித்தது. அங்கிருந்த ஒட்சிசன் தீர்ந்தால் புதிது வந்துசேரத் தாமதமாகும். ஒட்சிசன் தாராளமாகக் கிடைக்கும் இடம் கதோட்டு, கிடைக்காத இடம் அனோட்டு. கரைவது எப்போதும் அனோட்டு.

இதை ஒரு கலியாண வீடாக வைத்துக்கொள்வோம். முன்னுக்குப் பந்தல். அங்கே அகோரப் பசியோடு பந்தியில் இருப்பது ஒட்சிசன். பின்னுக்குக் குசினி, விருந்தாளி ஒருவருக்கும் அங்கே போக வழியில்லை. சோறு இலத்திரன். அது குசினியிலிருந்து விறாந்தை வழியாக, அதாவது தகட்டின் உலோகத்துக்குள்ளாலேயே, பந்தலுக்குப் போகிறது. எத்தனை பேர் சாப்பிட்டாலும் பந்தல் குறைவதில்லை. குறைவது குசினியில் அடுக்கிய அரிசி மூட்டை; இரும்பு அதுதான். வெறும் சாக்குகள் கோடிப்புறத்து ஒழுங்கையால், அதாவது நீருக்குள்ளால், வெளியே போகின்றன. பந்தலிலிருந்து எறியும் எச்சில் இலையான ஐதரொட்சைட்டும் குசினியிலிருந்து வரும் வெறும் சாக்கான இரும்பு அயனும் இடையில் சந்தித்துக் குவியும் குப்பைமேடுதான் நம் கண்ணில் படும் கறள். குப்பை கிடப்பது ஓரிடம், மூட்டை குறைந்தது வேறிடம். பொனட்டுக்குப் பொலிஷ் போடும் நமது வாசகர், பந்தல் சோடனையைப் பார்த்துவிட்டுக் கலியாணம் சிறப்பு என்று சொல்லிப் போகும் தூரத்துச் சொந்தம். மாப்பிள்ளை யார் என்று மட்டும் கேட்காதீர்கள், இந்தக் கலியாணத்தில் அவருக்கு வேலையில்லை.

இனி அந்த றபர் விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். வாடைக்கால மழையில் நனைந்த செருப்போடு ஏறி இறங்கியதில் விரிப்புக்குக் கீழே நீர் போயிருக்கும். விரிப்பின் ஓரத்தில் காற்று உண்டு, நடுவில் இல்லை. நடு கரைகிறது. கதவுகளுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டித் தகட்டிலும் இதே கதைதான். அங்கே இரண்டு தகடுகளை ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் புள்ளி புள்ளியாக வெல்டிங் செய்திருக்கிறார்கள். மயிரளவு இடைவெளி தானாகவே நீரை உறிஞ்சி உள்ளே வைத்துக்கொள்ளும். காற்று மட்டும் போகாது. உள்ளே விளையும் கறள், தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு பருத்தது. அதனால் மடிப்பே விரிந்து இன்னும் நீர் குடிக்கிறது. மட்கார்ட்டின் உட்புறம் ஒட்டிக் காய்ந்த சேறு, டிக்கியில் உதிரி ரயருக்குக் கீழே கிடக்கும் ஈரச் சாக்கு, கதவின் வடிதுளையை அடைத்த வேப்பஞ்சருகு, காரை இறுக்கிப் போர்த்திய பிளாஸ்டிக் உறை, எல்லாம் குசினிகள்தான்.

இதிலிருந்து, எதிர்பாராத ஒரு முடிவும் வருகிறது. கறள் கண்ட புள்ளியில் மட்டும் பெயின்ட் தொட்டு வைத்துவிட்டுச் சுற்றியிருக்கும் வெறும் தகட்டை அப்படியே விட்டால் நிலைமை மோசமாகும். பெயின்டில் ஊசிமுனை ஓட்டை ஒன்று இருந்தாலும் முழுப் பந்தியின் பசியும் அந்த ஒற்றைப் பானைமேல் விழும். பந்தலையும் சேர்த்துச் சாத்துங்கள்: பழுதான இடத்தைச் சுற்றி நல்ல தகடு தெரியும் இடம்வரை பூச வேண்டும்.

உப்பு இரும்பைத் தின்னும் என்பது வழக்குப் பேச்சு. உப்பு செய்வது ஒழுங்கையை அகலமாக்குவது. அயன்கள் நீருக்குள் தடையின்றிப் போய்வருகின்றன. ஆனால் குளோரைட்டுக்கு இன்னொரு கெட்ட பழக்கமும் உண்டு. பொள்ளலுக்குள் சேரும் இரும்பு அயன்களின் நேர் ஏற்றத்தைச் சமப்படுத்த அது உள்ளே நகர்ந்து போகிறது. இரும்பு அயன்கள் நீரோடு தாக்கமுற்று அமிலத்தை விடுகின்றன. பொள்ளல் தனக்கு வேண்டிய அமிலத்தைத் தானே காய்ச்சிக்கொள்கிறது. கறளைச் சுரண்டி உடனே பெயின்ட் அடித்த இடத்தில் அடுத்த வருடமே கொப்புளம் எழும்புவதன் இரகசியம் இதுதான். சுரண்டியதில் கறள் போனது, குளோரைட்டு உள்ளேயே இருந்தது.

நிலாவெளியிலிருந்து இலங்கைத்துறை முகத்துவாரம் வரையுள்ள கரையில் இந்தக் கதைக்கு ஓய்வுகாலம் கிடையாது. வாடை கடலிலிருந்து உப்பைக் கொண்டுவரும் என்பது எல்லோருக்கும் தெரியும். கச்சான் தரைப்பக்கத்திலிருந்து வீசும் வறண்ட காற்று. அந்த மாதங்களில் காருக்குப் பயமில்லை என்று நினைக்கிறோம். தனிச் சோடியம் குளோரைட்டு என்றால் ஓரளவு சரி. அது காற்றின் சாரீரப்பதன் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் நீரை இழுத்துக் கரையும். கடலுப்பிலோ மகனீசியம் குளோரைட்டும் இருக்கிறது. அதற்கு 33 சதவீதமே போதும். கச்சான் நடுப்பகலில்கூடக் கரையோரக் காற்று அவ்வளவுக்கு வறள்வது அரிது. கிணறு வற்றும் காலத்திலும் காரின் மடிப்புக்குள் ஈரம் வற்றுவதில்லை.

வரலாறு கேட்பவர்களுக்காக ஒரு பந்தி. 1948இல் அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து வந்த மோறிஸ் மைனருக்குத் தனிச் சசி கிடையாது. தரைத்தகடும் பக்கப் பெட்டிகளுமே எலும்புக்கூடு. அதனால்தான் தரை உக்குவது அழகுப் பிரச்சினையாக இல்லாமல் உயிர்ப் பிரச்சினையானது. இலங்கையில் அந்தக் காரை மக்கள் கைவிடவே இல்லை. இங்கிலாந்தின் பாத் நகரத்து மோறிஸ் மைனர் திருத்துநர் சார்ள்ஸ் வேர், 1990களில் உடல் தகடுகளை இலங்கையிலேயே அடிப்பிக்கும் அளவுக்கு இங்கே கைவேலை இருந்தது. 1957இல் இலக்கத் தகட்டில் சிங்கள ஸ்ரீ கட்டாயமானபோது தமிழ்ப் பகுதிகளில் எழுந்த எதிர்ப்பில் அந்த எழுத்தின்மேல் தார் பூசினார்கள். இரசாயனத்தை மட்டும் கேட்டால், தார் பூச வேண்டிய இடம் வண்டியின் அடிப்புறம் என்று அது சொல்லும். பிறகு கார்த் தகடுகளுக்கே நாகம் பூசும் வழக்கம் பரவியது. 1986இல் வந்த அவுடி 80இன் உடல் முழுவதும் நாகம் பூசியது. நமது முற்றங்களில் நிற்கும் எண்பதுகளின் ஜப்பான் கார்களில் பலவற்றுக்கு அந்த வாய்ப்பு முழுதாகக் கிடைக்கவில்லை. சீனன்குடாவில் பிரித்தானியர் காலத்து எண்ணெய்த் தாங்கிகள் 99, கறளோடு இன்னும் நிற்கின்றனவே என்று கேட்பார்கள். கார்த் தகடு ஒரு மில்லிமீற்றர் அளவு. தடித்த தகட்டாலான தாங்கிக்கு அந்தக் கவலை இல்லை.

வீட்டில் செய்யக்கூடியது என்ன? முதலில் விரிப்புகளையெல்லாம் எடுத்து வெயிலில் போடுங்கள். கதவுகளுக்குக் கீழும் பெட்டித் தகட்டின் அடியிலும் உள்ள வடிதுளைகளைக் கம்பியால் குத்தித் திறவுங்கள். கழுவும்போது பொனட்டை விட்டுவிட்டு அடிப்புறத்துக்கும் மட்கார்ட்டின் உட்புறத்துக்கும் நல்ல தண்ணீரைப் பீய்ச்சுங்கள். கிணறு உவர் என்றால் அந்தத் தண்ணீர் வேண்டாம், மழைநீரோ குழாய்நீரோ எடுங்கள். கறள் பிடித்த இடத்தைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, சுடுநீரால் பலமுறை கழுவி, முழுதாகக் காயவிட்டு, அன்றைக்கே பிறைமர் அடியுங்கள். மடிப்புகளுக்குள் தூரிகை போகாது. அங்கே ஊர்ந்து போகும் மெல்லிய எண்ணெயோ மெழுகோ விசிற வேண்டும். கழிவு என்ஜின் ஒயிலைப் பூசும் ஊர் வழக்கத்தில் பாதி உண்மை இருக்கிறது, எண்ணெய் மடிப்புக்குள் ஊர்கிறது. ஆனால் அந்த ஒயில் றபர் புஷ்களைக் கெடுக்கும், கைத்தோலுக்கும் கிணற்றுக்கும் நஞ்சு. காருக்குக் கீழே போவதென்றால் ஜக்கை மட்டும் நம்ப வேண்டாம், உறுதியான தாங்கி வைத்த பிறகே தலையை நீட்டுங்கள். தரையிலும் பெட்டித் தகட்டிலும் பெரிய ஓட்டை கண்டால் அது வெல்டிங் பாஸின் வேலை. பைபர் துணியும் புட்டியும் வைத்து மூடினால் கண்ணுக்கு மறையும், பாரம் தாங்காது. பழைய கார் வாங்கப் போகிறவர்கள் துணி சுற்றிய காந்தமொன்றைக் கொண்டுபோங்கள். புட்டியில் காந்தம் ஒட்டாது.

கடையில் விற்கும் கறள் மாற்றிகளில் பொய் இல்லை, மிகை உண்டு. பொசுபோரிக்கமிலம் கறளை இரும்புப் பொசுபேற்றாக மாற்றும், தனின் அமிலம் கருநிறச் சேர்வையாக மாற்றும். தொட்ட இடத்தில் மட்டும். மடிப்புக்குள் அது எட்டுவதில்லை, பொள்ளலின் அடியில் இருக்கும் குளோரைட்டையும் எடுப்பதில்லை. அடிப்புறத்துக்குத் தடிப்பாக அடிக்கும் றபர்ப் பூச்சு புதுத் தகட்டுக்கு நல்லது. கறளின்மேல் அடித்தால் ஓரம் உரிந்து, உள்ளே நீரைப் பிடித்துவைக்கும் புதுக் குசினி ஒன்றை நீங்களே காசு கொடுத்துக் கட்டியதாகும்.

பற்றரியோடு இணைத்தால் கறளே பிடிக்காது என்று விற்கும் மின்பெட்டிக்கு வருவோம். இது கடன் வாங்கிய பெருமை. இரும்புக்கு வெளியிலிருந்து இலத்திரன் கொடுத்து அதைக் கரையாமல் காக்கும் முறை கப்பல்களில் உண்மையாகவே வேலை செய்கிறது. 1824இல் ஹம்ப்ரி டேவி, கப்பலின் செப்புத் தகட்டோடு இரும்பையும் நாகத்தையும் இணைத்தால் செம்பு கரையாது என்று காட்டினார். இன்று துறைமுகத்துக்கு வரும் இரும்புக் கப்பல்களின் அடியிலும் நாகக் கட்டிகளைக் காணலாம். கலியாணச் செலவு முழுவதையும் தன் தலையில் போட்டுக்கொள்ளும் மாமா அந்த நாகம். ஆனால் மாமாவும் அதே வீட்டில், அதே ஒழுங்கையில் இருக்க வேண்டும். கப்பலின் அடியையும் நாகத்தையும் ஒரே கடல் நனைக்கிறது, அயன்கள் போய்வர வழி உண்டு. காரைச் சுற்றி இருப்பது காற்று. கூரைத் தகட்டில் ஒரு துளி, தரைத்தகட்டில் இன்னொரு துளி, இரண்டுக்கும் நடுவே நீர்வழி கிடையாது. கனடாவிலிருக்கும் மாமாவாவது காசு அனுப்பலாம், பொனட்டுக்குள் இருக்கும் பெட்டியால் அதுவும் முடியாது. இப்படியொரு கருவியின் விளம்பரத்துக்கு ஆதாரமில்லை என்று அமெரிக்காவின் மத்திய வணிக ஆணையம் 1990களிலேயே நடவடிக்கை எடுத்தது. பெட்டிகள் பெயர் மாறி இன்னும் விற்பனையாகின்றன. யாராவது விற்க வந்தால் ஒன்று கேளுங்கள்: "மின்சுற்றின் மற்றப் பாதி எதுக்குள்ளால் போகிறது?" பதில் வரும்வரை காசைக் கையில் வைத்திருங்கள். அந்தக் காசுக்கு ஒரு கம்பித் தூரிகை, ஒரு பேணி பிறைமர், இரண்டு தாங்கிகள் வாங்கலாம்.